புடைத்த அரிசியும் புடைக்காத அரிசியும்

“இப்பல்லாம் எங்க சார் பாட்டு வருது?” என்ற கேள்விக்கு யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. கேட்பவரும் கேட்கப்பட்டவரும் சேர்ந்து தலையாட்டுவதற்கென்றே அது புழக்கத்தில் இருக்கிறது. கல்யாண மண்டபத்து மெல்லிசை மேடையிலும், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் நடுவர் நாற்காலியிலும், வார இதழ்ப் பேட்டிகளிலும் அதைக் கேட்கலாம். இதற்குச் சற்றுப் படித்த வடிவம் ஒன்றும் உண்டு. ஒன்றிரண்டு நல்ல பாட்டு இன்றும் தப்பித் தவறி வரும். ஆனால் முதல் பாட்டில் தொடங்கிக் கடைசிப் பாட்டு வரை எதையும் தாண்டாமல் கேட்கும்படியான ஆல்பம் என்பது முடிந்துபோன சங்கதி. மௌன ராகம், ரோஜா, மிஞ்சிப்போனால் அலைபாயுதே, அதோடு கடையைக் கட்டிவிட்டார்கள் என்பது அந்த வடிவம். முதலாவது வெறும் பெருமூச்சு, அதனோடு வழக்காட முடியாது. இரண்டாவது வாதத்தின் உடையில் வருவதால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அது பழைய காலத்தைப் பற்றியும் தவறாகச் சொல்கிறது, இன்றைய நிலவரத்தைப் பற்றியும் தவறாகச் சொல்கிறது. ஒரே எண்ணத்தில் கோக்கப்பட்ட பாடல் தொகுப்பு என்பதுதான் ஆல்பத்துக்குப் பொருள் என்றால், அந்தப் பொற்காலத்தில் செய்ததைவிட இன்று தமிழில் அதை அதிகம் செய்கிறார்கள் என்பதே என் கட்சி.

முதலில் அளவுகோலைப் பார்த்துவிடுவோம். இளையராஜாவின் முதல் படமான அன்னக்கிளி 1976இல் வந்தது. 2016இல் வந்த தாரை தப்பட்டை அவருடைய ஆயிரமாவது படம் என்று விளம்பரம் செய்யப்பட்டது. நாற்பது ஆண்டுகளில் ஆயிரம் படங்கள், சராசரியாக ஆண்டுக்கு இருபத்தைந்து. ராஜாவின் பெயரைச் சொன்னாலே கண் கலங்கும் ரசிகர் ஒருவரிடம், ஒரு பாட்டுகூட விடாமல் முழுதாக நெஞ்சில் நிற்கும் அவருடைய படங்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள். ஐம்பதுக்கு மேல் மூச்சு வாங்கும். நூறைத் தொட்டால் அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தலாம். அதாவது, இந்த மண் கண்ட மிகப்பெரிய மேதைகளில் ஒருவரின் கணக்கிலேயே பத்தில் ஒன்பது பங்கு பொது நினைவிலிருந்து உதிர்ந்துவிட்டது. மற்றவர்களின் கணக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 1980களில் வெளிவந்து, இசைத்தட்டு உறையைத் தவிர வேறெங்கும் பெயர் தங்காத படங்கள் எத்தனை! காலம் முறத்தில் இட்டுப் புடைத்து, உமியும் கல்லும் போக நம் கையில் தந்திருக்கும் அரிசிதான் ‘அந்தக் காலம்’. அதை, இந்த வெள்ளிக்கிழமை வந்திறங்கிய மூட்டையோடு ஒப்பிட்டு, பார்த்தாயா எவ்வளவு கல் என்கிறோம். மூட்டையில் கல் இருப்பது உண்மை. அன்றைக்கும் மூட்டை இப்படித்தான் வந்திறங்கியது.

அடுத்து, ஆல்பம் என்ற சொல்லுக்கு வருவோம். நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய இசைத்தட்டில் பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சமே கொள்ளும். ஆகவே ஒரு தட்டுக்கு இரண்டு பாட்டு. அப்படிப்பட்ட தட்டுகள் பலவற்றைப் புகைப்படத் தொகுப்பு மாதிரியான அட்டைப் புத்தகத்தில் செருகி விற்றதால்தான் ஆல்பம் என்ற பெயரே வந்தது. நீண்டநேரம் ஓடும் எல்.பி. தட்டு அமெரிக்காவில் 1948இல் அறிமுகமானது. தமிழ்த் திரைப்பாட்டின் பொற்காலம் என்று சொல்லப்படும் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பாட்டு நம் வீட்டுக்குள் தட்டுத் தட்டாக, அதைவிட அதிகமாக வானொலி வழியே ஒற்றை ஒற்றையாகத்தான் நுழைந்தது. விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் ஒரு படத்துப் பாட்டுகளை வரிசையாக உட்கார்ந்து கேட்டவர்கள் தியேட்டரில் படம் பார்த்தவர்கள் மட்டுமே. பிறகு கேசட் வந்தது. ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் அதோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத இன்னொரு படம் என்றுதான் அவற்றில் பல விற்றன. ஊருக்கு ஊர் இருந்த ரெக்கார்டிங் சென்டர்களை அதற்குள் மறந்துவிட்டோமா? காகிதத்தில் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால், காலி கேசட்டில் பதிந்து, முதுகில் அழகான கையெழுத்தில் பெயரும் எழுதித் தருவார்கள். சோகப் பாடல்கள், எஸ்.பி.பி. ஹிட்ஸ், மழைப் பாடல்கள். இன்று பிளேலிஸ்ட் ஆல்பத்தைக் கொன்றுவிட்டது என்று வருந்தும் தலைமுறைதான் அன்று வரிசையில் நின்று, காசு கொடுத்து, பிளேலிஸ்ட் வாங்கியது.

கேட்ட விதம் மட்டுமா, செய்த விதமும் அப்படித்தான். ஒரு காதல் பாட்டு, ஒரு சோகப் பாட்டு, ஒரு தத்துவப் பாட்டு, நகைச்சுவை நடிகருக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று என்று கதையின் தேவைக்கேற்பக் கணக்குப் போட்டுச் செய்த விருந்து அது. ஒவ்வொரு பதார்த்தமும் அமிர்தமாக இருந்திருக்கலாம். அவற்றுக்குள் ஓர் உரையாடல் இருக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, அது குறையாகவும் தெரியவில்லை. விதிவிலக்குகள் உண்டு: சிந்து பைரவி, திருடா திருடா போன்றவை. ஆனால் இளையராஜாவே தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சிந்தனையாக ஒரு தொகுப்பைச் செய்ய நினைத்தபோது, படத்துக்கு வெளியே போய்த்தான், பாட்டு வரிகளையே கைவிட்டுத்தான், 1986இல் ஹவ் டு நேம் இட் செய்தார். தியாகராஜருக்கும் பாஹுக்கும் அர்ப்பணித்த அந்தத் தொகுப்பை இன்று பழம்பெருமை பேசுவோரில் எத்தனை பேர் முழுதாகக் கேட்டிருப்பார்கள் என்று கேட்டால் கோபம் வரும், விடுவோம்.

இசை கெட்டுவிட்டது என்ற புலம்பலுக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1952இல் மத்திய அரசின் தகவல் ஒலிபரப்புத் துறைக்குப் பொறுப்பேற்ற பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்கள் மக்களின் ரசனையைக் கெடுக்கின்றன என்று முடிவு செய்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட இல்லாமலே போயிற்று. ஜனங்கள் சத்தம் போடாமல் ரேடியோவின் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிக்கொண்டார்கள். 1957இல் விவித பாரதி தொடங்கிய பிறகே இங்கே கதவு திறந்தது. ரசனைக் கேடு என்று விரட்டப்பட்ட அந்தப் பாடல்கள் எவை? இன்று நாம் ‘அது பாட்டு!’ என்று உருகும் அதே ஐம்பதுகளின் பாடல்கள். அமைச்சர் இசை அறியாதவரும் அல்லர். நன்றாக அறிந்தவர் என்பதே அவருடைய சிக்கல். பழையதை ஆழமாக அறிந்த காதுக்குப் புதியது இரைச்சலாகத்தான் விழும். 1986இல் புன்னகை மன்னனில் கம்ப்யூட்டர் இசை என்றார்கள். இன்று அது பாரம்பரியச் சொத்து. 1992இல் ரோஜா வந்ததும் எந்திரச் சத்தத்தில் வரிகள் மூழ்கிவிட்டன என்றார்கள்; இன்று இசையமைப்பாளர்களை அடிக்க எடுக்கும் பிரம்பே ரோஜாதான். குற்றப்பத்திரிகை மாறவில்லை, குற்றவாளியின் பெயரைத்தான் அழித்து அழித்து எழுதுகிறோம்.

சரி, இன்று என்ன இருக்கிறது, காட்டு என்பார்கள். 2018இல் வந்த 96ஐ எடுத்துக்கொள்வோம். படத்தின் கருவே பழைய பாட்டின் மீதான ஏக்கம். நாயகியின் பெயர் ஜானகி, பாடகி எஸ். ஜானகியின் நினைவாக வைத்தது. இளையராஜாவின் பாடல்களை அவள் வாத்தியத் துணையில்லாமல் பாடுகிறாள். இப்படி ஒரு படத்துக்கு இசையமைக்க வருபவர், பழைய மெட்டுகளின் நிழலில் ஒதுங்கிக்கொண்டு சம்பளத்தை வாங்கிப் போயிருக்கலாம். தைக்குடம் பிரிட்ஜ் குழுவின் வயலின் கலைஞர் கோவிந்த் வசந்தா அப்படிச் செய்யவில்லை. ராஜா குறுக்கே வந்து நிற்கும் படத்தில், அவரைப் போலவும் ஒலிக்காமல் அவரை மறுக்கவும் செய்யாமல் ஒரு தனி உலகத்தைக் கட்டினார். தாளக் கருவிகள் பெரும்பாலும் ஒதுங்கி நிற்கின்றன. கிடாரும் பியானோவும் வயலின்களும் மூச்சுவிட இடம் தந்து நகர்கின்றன. குரல் என்று பார்த்தால் சின்மயியும் பிரதீப்குமாரும்தான் முதன்மையாக. காதலே காதலே என்ற மெட்டு படம் முழுக்க வயலினில் திரும்பித் திரும்பி வருகிறது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பிப் போகும் ஆள் மாதிரி. நாசரின் பேச்சுக் குரலைச் சேர்த்துக்கொண்டு, நான்கு நிமிட வழக்கத்தைத் தாண்டி விரியும் ஒரு பாடலுக்கு ‘அந்தாதி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முடிந்த இடத்தில் தொடங்குவது என்பது படத்தின் கதைக்கும் பொருந்துகிறது, இசை கட்டப்பட்ட விதத்துக்கும் பொருந்துகிறது. இதில் குத்துப்பாட்டு கிடையாது, நகைச்சுவைப் பாட்டு கிடையாது, வியாபாரத்துக்காகச் சேர்த்த ஒரு பாட்டும் கிடையாது. விருந்துக் கணக்கில் அமைந்த எந்தப் பழைய படத்துக்கும் கிட்டாத ஓர்மை இதற்கு வாய்த்தது தற்செயலா? இல்லை, இன்றைய சினிமா இசையமைப்பாளரிடம் ஐந்து வகைப் பாட்டு கேட்பதை நிறுத்திக்கொண்டதன் பலன் அது. படங்களில் பாட்டு குறைந்துவிட்டது என்பதைப் புகாராகவே சொல்லிப் பழகிவிட்டோம். 2019இல் வந்த கைதியில் பாட்டே இல்லை. கட்டாயப் பாட்டு ஒழிந்த இடத்தில்தான் வேண்டிய பாட்டுக்கு இடம் கிடைக்கிறது.

இரண்டாவது சான்று இதற்கு நேர் எதிர்க் குணம் கொண்டது. சந்தோஷ் நாராயணனின் கர்ணன் (2021). ‘கண்டா வரச் சொல்லுங்க’ பாட்டில் கிடாக்குழி மாரியம்மாளின் குரல் நுழையும்போது, திரைப்பாட்டு எண்பது ஆண்டுகளாகத் தீட்டித் தீட்டி வழவழப்பாக்கி வைத்திருந்த பெண் குரலின் இலக்கணம் சரிகிறது. ஒப்பாரிக்கும் அறைகூவலுக்கும் நடுவில், ஸ்டுடியோவுக்காகக் குறைத்துக்கொள்ளாத வெட்டவெளிக் குரல் அது. அதே தொகுப்பில் ‘மஞ்சனத்திப் புராணம்’ பாடுவது தேவா. தொண்ணூறுகளில் கானாவைத் திரைக்குள் கொண்டுவந்து, அதற்காகவே மட்டமாகப் பேசப்பட்டவர். அவருடைய முதிர்ந்த தொண்டையை வேடிக்கைக்காக அல்லாமல் காதலின் வலிக்காக இங்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். கிராமிய மணம் தூவிய பாட்டு தமிழில் முன்பும் ஏராளம். அன்னக்கிளியே அப்படித்தான் வந்தது. ஆனால் அங்கே நாட்டுப்புற மெட்டு, பயிற்சி பெற்ற குரலிலும் வயலின் கூட்டத்திலும் நீராட்டப்பட்ட பிறகே மேடை ஏறியது. கர்ணனில் பறையும் அந்தக் குரல்களும்தான் வீட்டுக்காரர்கள், மற்ற வாத்தியங்கள் விருந்தாளிகள். இரண்டு ஆண்டு கழித்து மாமன்னனில் ரகுமான், வடிவேலுவைக் கொண்டு ‘ராசா கண்ணு’ பாடவைத்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். பொற்காலம் என்று ஒன்று இருந்தது மெய்யென்றே வைத்துக்கொண்டாலும், அந்தப் பொன் சிலருடைய குரல்களுக்கு மட்டுமே பூசப்பட்டது. அன்று வாசலில் நின்ற குரல்கள் இன்று ஆல்பத்தின் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இதைச் சமூகநீதிக் கணக்கில் எழுதி, அழகியல் கணக்கிலிருந்து கழித்துவிட நினைப்பவர்கள், அந்தப் பாட்டை இன்னொரு முறை நல்ல ஒலிபெருக்கியில் கேட்கட்டும்.

திரைக்கு வெளியே போனால் புலம்பலுக்கு இடமே இல்லை. 2018இல் பா. ரஞ்சித்தின் முயற்சியிலும் தென்மாவின் இசைத் தலைமையிலும் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே கொதியில் கொதிக்கவிட்டது. அதிலிருந்து வந்த அறிவு, தயாரிப்பாளர் ஆஃப்ரோவோடு சேர்ந்து 2019இல் தெருக்குறள் என்ற தொகுப்பை வெளியிட்டார். தலைப்பிலேயே ஒரு சிலேடை. உள்ளே எதுகை மோனையை ராப்பின் வேகத்துக்குப் பழக்கிய தமிழ். கடல் கடந்தால், அமெரிக்காவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த, ஹரிகதை மரபில் பயின்ற கானவ்யா 2024இல் டாட்டர் ஆஃப் எ டெம்பிள் வெளியிட்டார். ஆலிஸ் கோல்ட்ரேனின் பக்தி ஜாஸை நம் பக்தி இசையோடு ஒரே கூரையின் கீழ் உட்காரவைத்த, பலரும் கூடிப் பாடும் தொகுப்பு. எஸ்பெரான்சா ஸ்பால்டிங், விஜய் ஐயர் போன்றோர் அதில் பங்கேற்றிருக்கிறார்கள். ஜாஸையும் இந்திய இசையையும் இணைக்கும் சக்தி குழு 1977க்குப் பிறகு தன் முதல் ஸ்டுடியோ ஆல்பமாக திஸ் மொமென்ட்டை 2023இல் கொண்டுவந்து அடுத்த ஆண்டு கிராமி விருது வாங்கியது. விருதை நான் சான்றாக வைக்கவில்லை, விருதுகள் பல சமயம் வயதுக்குத் தரும் மரியாதை. ஆனால் நாற்பத்தாறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகும், முழு ஆல்பம் செய்வது வீண் வேலை என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

இனி எதிர்த்தரப்பின் வலுவான வாதம். இதெல்லாம் யார் வாயில் நிற்கிறது, பஸ்ஸில் ஓடுகிறதா, டீக்கடையில் ஓடுகிறதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் இது இசையைப் பற்றிய கேள்வி அல்ல, ஒலிபரப்பைப் பற்றிய கேள்வி. ஒரு வானொலி, ஒரு மைக் செட், ஒரு பஸ் டிரைவர் ஆகியோர் சேர்ந்து ஊர் முழுவதற்கும் ஒரே பாட்டை நாளுக்கு நான்கு முறை ஊட்டிய ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டில் சுமாரான பாட்டும் வாயில் நின்றது, நிற்கத்தான் செய்யும். இன்று பக்கத்து இருக்கைக்காரரின் காதுக்குள் என்ன ஓடுகிறது என்பது நமக்குத் தெரியாது. எல்லோரும் ஒரே பாட்டின் கீழ் கூடியிருந்த அந்தக் கூரை போய்விட்டது, அது இழப்புதான். எம்.எஸ்.வி., ராஜா, ரகுமான் என்று ஒரு பெயரைச் சொன்னால் தமிழுலகமே திரும்பிப் பார்த்த நிலை இனி வராமலே போகலாம். ஆனால் ஊர் கூடித் தின்பதை நிறுத்திவிட்டது என்பதால் சமையல் செத்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

வியாபாரம் ஆல்பத்துக்கு விரோதமாக மாறிவிட்டது என்பதையும் மறுக்கவில்லை. முழு கேசட்டும் ஒரே நாளில் கைக்கு வந்த வழக்கம் போய், ஃபர்ஸ்ட் சிங்கிள், செகண்ட் சிங்கிள், லிரிக்கல் வீடியோ என்று துண்டு துண்டாக அவிழ்க்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில் முப்பது நொடி ஓடினால்தான் ஒரு முறை கேட்டதாகக் கணக்கு. ஆகவே முன்னிசை சுருங்குகிறது, கொக்கி முதல் வரியிலேயே வந்துவிடுகிறது, ரீல்ஸுக்கு வசதியாக நடுவில் பதினைந்து நொடி ஒதுக்கப்படுகிறது. இந்தப் பொறிக்குள் சிக்கிச் செய்யப்படும் சரக்கில் பெரும்பகுதி குப்பை என்று நானே கையெழுத்துப் போடுவேன். என்றாலும் நெருக்கடி என்பது சாவுச் சான்றிதழ் அல்ல. மூன்று நிமிடச் சொச்சத்துக்குள் முடித்தாக வேண்டிய 78 சுற்றுத் தட்டும் ஒரு பொறிதான், அதற்குள்ளிருந்து எத்தனை மகத்தான பாட்டு வந்தது! வரிசையாகக் கேட்கும் ஆசையும் சாகவில்லை. 2021இல் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, ஆல்பத்தைக் கலைத்துப்போட்டு ஓட்டும் ஷஃபிள் பொத்தானை முதன்மை இடத்திலிருந்து ஸ்பாட்டிஃபை நீக்கியது. அமெரிக்காவில் 2022இல் வினைல் தட்டுகளின் விற்பனை எண்ணிக்கை, 1987க்குப் பிறகு முதல் முறையாக, சி.டி.யை முந்தியது.

கடைசியாக ஒரு புள்ளிவிவரத்தை எடுத்து வீசுவார்கள்: அமெரிக்காவில் கேட்கப்படும் இசையில் எழுபது விழுக்காட்டுக்கும் மேல் பழைய பாட்டு, ஆகவே புதியதை யாரும் சீந்துவதில்லை. அந்தக் கணக்கில் ‘பழைய’ என்பதன் வரையறையைப் பார்த்தால் சிரிப்பு வரும். வெளியாகிப் பதினெட்டு மாதம் தாண்டிய எல்லாமே அங்கே பழசு. ஒன்றரை வயதுக் குழந்தையைக் கிழவர் பட்டியலில் சேர்த்து எழுதிய கணக்கு அது. இதைவிடப் பயனுள்ள எண் ஒன்று உண்டு. ஹோல்ப்ரூக், ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர்களுக்கு மிகவும் பிடித்துப்போகும் பாடல்கள் அவர்களுடைய இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதையொட்டி வந்தவையாக இருக்கக் கண்டார்கள். பொற்காலம் எந்த ஆண்டில் முடிந்தது என்று ஒருவர் சொன்னால், அவர் பிறந்த ஆண்டை ஏறக்குறையச் சொல்லிவிடலாம் போலிருக்கிறது.

வரிகள் செத்துவிட்டன என்பதும் இதே ஜாதிப் புகார்தான். கார்த்திக் நேத்தா, உமாதேவி, யுகபாரதி, இளங்கோ கிருஷ்ணன் எழுதுகிற காலத்தில் இதைச் சொல்ல நிறைய அலட்சியம் வேண்டும். ஆனால் இந்தப் புகாரின் அடியில் உண்மையான இழப்பு ஒன்று கிடக்கிறது, பழைய ரசிகர் அதற்காகக் கோபப்பட்டால் நான் அவர் பக்கம். கேசட்டுக்குள் மடித்து வைத்த அட்டையில், பொடி எழுத்தில்தான் என்றாலும், ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே எழுதியவர் பெயர் இருந்தது. இன்று செல்போன் திரையில் பாட்டு ஓடும்போது இசையமைத்தவர், பாடியவர் பெயர்கள் மின்னுகின்றன. 96இன் பாட்டுகளை எழுதியவர்கள் யார் யார் என்று தெரிய வேண்டுமானால் மூன்று புள்ளியைத் தொட்டு, பட்டியலை இறக்கி, இன்னொரு பக்கத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. போய்ப் பார்ப்பவர்கள் சொற்பம்.